மெடல் வாங்கிய மைல்

கீழப்பொட்டலுக்கும் மேலப்பொட்டலுக்கும் நடுவே சுனைக்கரடு குறுக்கே படுத்துக் கிடக்கிறது. கரட்டின் இடுப்பைச் சுற்றி ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிற சரளை ரோடு மொத்தமே ஒரு மைல்தான். அந்த மைல் செல்லப்பாண்டியுடையது. இப்படிச் சொன்னால் போர்டு ஆபீஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவருடைய உத்தியோகம் மைல்கூலி. குழி விழுந்தால் சரளை கொட்டித் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும், ஓரத்து வாய்க்காலைத் தூரெடுக்க வேண்டும், முள்ளை வெட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவர் வாயைத் திறந்தால் 'என் ரோடு' என்றுதான் வரும். மற்றவர்கள் வயலைச் சொல்லியோ மாட்டைச் சொல்லியோ பெருமையடித்துக்கொள்வார்கள். அவருக்கு வயலும் இல்லை, மாடும் இல்லை.

வண்டிக்காரர்கள் ஒருவரும் அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதில்லை. மாட்டு வண்டி போன தடத்திலேயே போனால் ரோட்டில் இரண்டு பள்ளம் விழுந்துவிடும் அல்லவா, அதற்காக எல்லா மைல்கூலிகளும் தடத்தில் நாலு கல்லை எடுத்து வைத்து வண்டியை விலகிப் போகவைப்பது வழக்கம். செல்லப்பாண்டி கல் வைப்பார், முள் வைப்பார், போதாததற்குத் தானும் வந்து நிற்பார். "நடுவுல ஓட்டாத, ஓரமாப் போ. ஏலே, அம்புட்டு ஓரமாப் போகாத, கரை சரிஞ்சிரும்" என்பார். ஒரு வண்டிக்காரன் பொறுக்கமாட்டாமல், "அப்ப எங்கனதான் போகச் சொல்லுதீரு?" என்று கேட்டான். செல்லப்பாண்டி யோசித்துப் பார்த்துவிட்டு, "போகாம இருந்தா ரோட்டுக்கு நல்லது" என்றார். மனதில் இருந்ததைத்தான் சொன்னார்.

மகள் ராமுத்தாயின் கல்யாணத்தையும் அவர் ரோட்டைப் பார்த்துத்தான் முடித்தார். நாரணாபுரத்திலிருந்து அச்சாபீசில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை ஒருவர் தேடி வந்தார். நல்ல குடும்பம், நல்ல சம்பளம். செல்லப்பாண்டி அந்த ஊர் ரோட்டை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குண்டும் குழியுமான ரோட்டில் தன் மகள் குலுங்கிக்கொண்டு வந்துபோகக் கூடாதாம். கரட்டுக்கு அந்தப் பக்கம் மேலப்பொட்டலில் உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி வீட்டில் கொடுத்தார். அவருக்கு அவள் ஒற்றைப் பிள்ளை. கண்காணாத இடத்தில் கொடுத்துவிட்டு ஏங்கிக்கொண்டிருக்க அவரால் ஆகாது. "வண்டியைப் பூட்டினா அரை மணியில என் வாசல். அதுவும் என் ரோட்டுல" என்று பந்தியில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் மனைவி முத்துமாரியம்மாளுக்கு அந்த அச்சாபீஸ் மாப்பிள்ளை போன வருத்தம் கடைசிவரை தீரவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் கார்த்திகைப் புயலில் கரடு சரிந்தது. மேலப்பொட்டலை எட்டிப் பார்க்கிற வளைவில், யானைப்பாறைக்கு மேலே இருந்த மண் மொத்தமும் பாறையையும் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மழை விட்டதும் ஓவர்சியர் சீனிவாசகம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். சரிவுக்கு இந்தப் பக்கம் இரண்டு கல்தூண் நட்டு, ஒரு பனங்கட்டையைக் குறுக்கே போட்டு, 'ரோடு அடைப்பு' என்று ஒரு பலகையையும் மாட்டச் சொன்னார். மேலே எழுதியிருக்கிறேன், வந்துவிடும் என்றார். எது வரும் என்று செல்லப்பாண்டி கேட்கவில்லை. போர்டு வேலையில் இருப்பவர்கள் அதைக் கேட்பதில்லை.

ஒன்றும் வரவில்லை. பாறையை வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும், அதற்கு லைசென்சு உள்ள ஆள் வேண்டும், அந்த ஆளை வைக்க உத்தரவு வேண்டும் என்று ஓவர்சியர் சொல்லிக்கொண்டே இருந்தார். கீழப்பொட்டல்காரர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற ஊர் அது. காலையில் எழுந்து மருந்து இடித்து, மருந்து அடைத்து, மருந்து வாசனையோடு வந்து சாப்பிடுகிறவர்கள். அவர்களிடம் போய் வெடி வைக்க ஆள் இல்லை என்றால் எப்படி?

கம்பெனி ஃபோர்மேன் வெள்ளைத்துரை முன்னால் வந்தார். செல்லப்பாண்டிக்குத் தூரத்து மருமகன் முறை. "விடுங்க மாமா, ஒரு ஞாயித்துக்கிழமை வேலை" என்றார். பாறையின் வெடிப்பில் மருந்தை அடைத்து, திரி வைத்து, ஊரையே தள்ளி நிற்கச் சொல்லிக் கொளுத்தினார். கரடு ஒருமுறை அதிர்ந்தது. சத்தம் ஏழாயிரம்பண்ணை வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். மேலப்பொட்டலில் ரோட்டு வேலை தொடங்கிவிட்டது என்று நம்பி ஒருவர் வண்டியைப் பூட்டிக்கொண்டே வந்துவிட்டார். புகை கலைந்ததும் பார்த்தால் யானைப்பாறை முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு வைத்த இடத்தில் இருந்தது. ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

வெள்ளைத்துரை பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நம்ம மருந்து சத்தத்துக்குப் போடுற மருந்து மாமா. கல்லுக்கு வேற மருந்து" என்றார்.

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"வெடிச்சுப் பாத்தாத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் கம்பெனிக்குப் போய்விட்டார்.

அப்புறம் இரண்டு வருஷம் ரோடு அடைத்தே கிடந்தது. அவசரக்காரர்கள் மட்டும் சரிவின் மேல் தவழ்ந்து போனார்கள். ராமுத்தாயும் நல்ல நாள் பெரிய நாளுக்கு அப்படித்தான் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்துபோனாள். மகள் வருகிற அன்று செல்லப்பாண்டி சரிவின் ஓரத்தில் விடிந்ததிலிருந்து நிற்பார். அவள் காலடியில் ஒரு கல் உருண்டால் இவர் இங்கிருந்தே கையை நீட்டுவார்.

இதற்கு நடுவில் ஓர் அக்கிரமம் நடந்தது. ரோடு அழகாகிக்கொண்டே போனது. வண்டி இல்லை, தடம் இல்லை, பள்ளம் இல்லை. செல்லப்பாண்டிக்கோ மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது, வேலை செய்யாமல் வாங்க அவருக்கு மனசு வராது. தினமும் கூடையும் மண்வெட்டியுமாகப் போய் இல்லாத குழியைத் தேடினார். இருந்த சரளையையே மறுபடி இடித்தார். மைல்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார். தேய்த்துக் கழுவின வெண்கலச் சட்டி மாதிரி கிடந்தது ரோடு. சில சாயந்தரங்களில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கும். உடனே மகள் ஞாபகம் வந்து, அப்படிச் சந்தோஷப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபம் வரும்.

ராமுத்தாய் உண்டாகியிருக்கிற சேதி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் எப்படிக் கூட்டிவருவது? சரிவில் தவழவிட முடியாது. சுற்று ரோடு ஒன்று இருக்கிறது, அது ஆற்றைத் தாண்டிப் போகிறது. வளைகாப்புப் போட்ட பெண் ஆறு தாண்டக் கூடாது என்பது இந்தப் பக்கத்துக் கட்டு. சம்பந்தியம்மாள் வேலுத்தாய் நறுக்கென்று சொல்லியனுப்பிவிட்டாள்: வாசலில் வண்டி வந்து நிற்க வேண்டும், கரட்டு ரோட்டில் கூட்டிப்போக வேண்டும், முடியாதென்றால் பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்கிறோம். முத்துமாரியம்மாள் அன்று சோறு பொங்கவில்லை.

செல்லப்பாண்டி ஒரு கணக்குப் போட்டார். மேலே உள்ளவர்கள் கரட்டுப் பக்கம் வந்ததே இல்லை. வந்து, இவ்வளவு நல்ல ரோடு கடைசியில் ஒரு மண்மேட்டில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், எந்த மனிதனுக்கும் ஐயோ என்றிருக்கும். அந்த மண்மேட்டைத் தள்ளச் சொல்லிக் கையோடு உத்தரவு போட்டுவிட்டுப் போவார்கள். இதில் தப்பு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. இந்தக் கதையைக் கேட்ட எனக்கும் முதலில் தெரியவில்லை. ஓவர்சியர் காலைப் பிடித்து, பெரிய இன்ஜினீயரை ஒரு நடை கூட்டிவரும்படி கெஞ்சினார். அந்த வாரம் முழுக்க ரோட்டைச் சீவிச் சிங்காரித்தார்.

பெரிய இன்ஜினீயர் ஜீப்பில் வந்தார். வருகிற வழியெல்லாம் குலுங்கி நொந்துபோய் வந்த மனிதர், ஜீப் கரட்டு ரோட்டில் ஏறியதும் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதி தூரத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். குனிந்து சரளையைத் தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கத்துலயே இப்படி ஒரு மைல் நான் பார்த்ததில்லை" என்றார். வளைவு இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. செல்லப்பாண்டி கையைக் காட்டி, "அங்கன ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருங்க எசமான்" என்றார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரு பானைச் சோற்றையா கிளறிப் பார்ப்பேன் என்கிற மாதிரி இன்ஜினீயர் சிரித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வேறு. ஜீப் திரும்பிவிட்டது.

அந்த வருஷம் நன்றாகப் பராமரித்த ரோட்டுக்கு மெடல் கொடுத்தார்கள். கரட்டு ரோட்டுக்குக் கிடைத்தது. விழாவுக்குப் போகச் செல்லப்பாண்டியிடம் சட்டை இல்லை. இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, அவ்வளவுதான் அவர் உடுப்பு. மேடையில் மெடலைக் குத்த இடம் தேடி, கடைசியில் துண்டிலேயே குத்திவிட்டார்கள். கனம் தாங்காமல் துண்டு சரிந்து சரிந்து விழுந்தது. ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டே அவர் இன்ஜினீயரிடம் வளைவுச் சங்கதியைச் சொன்னார். இன்ஜினீயர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "மெடல் வாங்குன ரோட்டுக்கு என்னய்யா குறை?" என்றார்.

குறை இல்லை என்பதே உத்தரவாகவும் வந்தது. ஓவர்சியர் சீனிவாசகம் சைக்கிளை மைல்கல்லில் சாய்த்துவிட்டு, கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார். "சரிவை எடுக்கக் கேட்டதைத் திருப்பிட்டாங்க செல்லப்பாண்டி. கெட்டுப்போன ரோட்டுக்குத்தான் இந்த வருஷம் வேலையாம். உன் ரோடு முதல் தரமா இருக்குன்னு அவரே எழுதிட்டாரு. நான் என்ன செய்ய?"

"அப்ப கெட்டுப்போயிருந்தா செஞ்சிருப்பீகளாய்யா?"

"கெட்டுப்போயிருந்தா இந்நேரம் கூலியாள் கேங்கு வந்து இறங்கியிருக்கும்."

வீட்டில் முத்துமாரியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மெடல் மாடத்தில் இருந்தது. "வேற எவனாச்சும் மைல்கூலியா இருந்து, வாங்குற சம்பளத்துக்குத் தூங்கிக் கெடந்திருந்தா, என் மக இந்நேரம் என் வீட்ல இருந்திருப்பா" என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார்.

மறுநாள் காலையில் செல்லப்பாண்டி கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். மைல்கல்லிலிருந்து ஆரம்பித்தார். முதல் குத்துக்குக் கை வரவில்லை. ஏழெட்டு வருஷமாக இடித்து இறுகிய சரளை, கல்லுக்குக் கல் இடைவெளி இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவரே போட்ட வேலை அவரையே எதிர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். பெயர்ந்தது. ஒரு குழி வெட்டியானதும் மற்றதெல்லாம் எளிதாகிவிட்டது, ஆனால் அழுகை மட்டும் நிற்கவில்லை. ஒரு மனிதன் பட்டப்பகலில் அழுதுகொண்டே ரோட்டைப் பெயர்ப்பதை ஆடு மேய்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டு ஆட்டை வேறு பக்கம் ஓட்டிப்போனார்கள். வளைவுவரை குழியாக்கிவிட்டு நேரே ஓவர்சியர் வீட்டுக்கு நடந்தார்.

ஓவர்சியர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "எப்படிய்யா ஆச்சு?"

"காட்டுப்பன்னிய்யா. கெழங்குக்குக் கிளறியிருக்கும்."

சரளைக்கடியில் எந்தப் பன்றி கிழங்கு தேடும்? குழி ஒவ்வொன்றிலும் கடப்பாரை முனை தெரிந்தது. ஓவர்சியர் கடப்பாரை முனையையும் செல்லப்பாண்டியின் முகத்தையும் பார்த்தார். மெடல் மைலைப் பார்க்க வெளியூர் இன்ஜினீயர்களைக் கூட்டிக்கொண்டு பெரிய இன்ஜினீயர் வரப்போவதாக அவருக்கு ஏற்கெனவே தாக்கீது வந்திருந்தது. "பன்னிதான்" என்று அவரும் சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

இரண்டு வருஷம் வராதது அந்த வாரமே வந்தது. ரோடு உருளை வந்தது, சரளை வண்டிகள் வந்தன, கடப்பாரையும் கூடையுமாக ஒரு பெரிய கேங்கு வந்து கரட்டடியில் கொட்டகை போட்டது. கேங்கு மேஸ்திரி சோலைச்சாமி காரியக்காரர். மைல்கல்லில் ஆரம்பித்து, கிடுகிடுவென்று வளைவுவரை முடித்து, குறுக்கே கிடந்த பனங்கட்டைக்கு ஒரு முழம் முன்னால் உருளையை நிறுத்திவிட்டார்.

செல்லப்பாண்டி ஓடிப்போய் நின்றார். "இன்னும் கொஞ்சம்தான் அண்ணாச்சி. இம்புட்டு ஆளு இருக்கீக, அந்த மேட்டையும் தள்ளிவிட்ருங்க. எம் மகளைக் கூட்டியாரணும்."

"கூட்டியாரணும்தான். எங்க ஆர்டர் கட்டை வரைக்கும்" என்றார் சோலைச்சாமி. "கட்டையைத் தாண்டி ஒரு கூடை மண்ணு அள்ளுனாலும் எங்க கூலியில புடிச்சிருவாக. நாளைக்கு உருளையைக் கீழ எறக்குறோம்."

கேங்கு கஞ்சி குடிக்க இறங்கிப் போனது. செல்லப்பாண்டி கட்டையின் மேலேயே உட்கார்ந்தார். முத்துமாரியம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தாள். மேஸ்திரி சொன்னதை அவளிடம் சொன்னார். அவள் சட்டியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள், சரிவுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"எந்திரிங்க" என்றாள். "நீங்க அந்த முனையைப் பிடிங்க."

அந்தப் பனங்கட்டையைச் சரிவின் மேல் தூக்கிக்கொண்டு போனது அவ்வளவு லேசான காரியமில்லை. இருவரும் இரண்டு தடவை சறுக்கினார்கள். அந்தப் பக்கம் போய் இரண்டு கல்லை அடுக்கி, கட்டையைக் குறுக்கே வைத்து, பலகையையும் ஞாபகமாக எடுத்துவந்து மாட்டினார்கள். கல்யாணமானதிலிருந்து அவர்கள் இருவரும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான் என்று ஊரில் சொல்வார்கள். திரும்பி வந்து கஞ்சியைக் குடித்தார்கள்.

கேங்கு வந்தது. சோலைச்சாமி தூண்களுக்கு நடுவே கட்டை இல்லாததைப் பார்த்தார். சரிவின் மேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் மேலேயே நின்றார். இறங்கி வந்து பீடியைப் பற்றவைத்துப் பாதி குடித்தார்.

"ஏலே, எல்லாரும் கடப்பாரையை எடுங்க" என்றார் சோலைச்சாமி. "ஆர்டர் கட்டை வரைக்கும். கட்டை அங்கன கெடக்கு."

மண்ணை அள்ளி அள்ளிக் கரட்டுக்குக் கீழே தள்ளினார்கள். இரண்டு மழைக்காலம் அடிமண்ணை அரித்திருந்ததால் யானைப்பாறையும் ரொம்ப அடம்பிடிக்கவில்லை. மொத்தக் கேங்கும் ஒரு பக்கம் கடப்பாரை போட்டு நெம்ப, புரண்டு பள்ளத்தில் விழுந்தது. வெள்ளைத்துரை வைத்த வெடியைவிடச் சத்தம் கம்மிதான். ஆபீஸில் அந்தச் சரிவு இன்னும் எடுக்கப்படாமல்தான் இருக்கிறது என்கிறார்கள். எடுக்க உத்தரவில்லாததை எடுத்ததாக எழுத ஓவர்சியருக்குத் துணிச்சல் வரவில்லை.

வளைகாப்பு முடிந்து ராமுத்தாய் வண்டியில் வந்து இறங்கினாள். வைகாசியில் பெண்பிள்ளை பிறந்தது. பேத்தி பிறந்த பிறகு செல்லப்பாண்டி ஆளே மாறிப்போனார். காலையில் ரோட்டுக்குப் புறப்படுகிறவர் பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக உள்ளே வருவார், மறுபடி வாசலிலிருந்து திரும்பி வருவார். மத்தியானம் கஞ்சியை ரோட்டுக்குக் கொண்டுவரச் சொன்னவர், வீட்டுக்கே வந்து குடித்தார். அவர் விரலைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் அதுவாக விடுகிறவரை உட்கார்ந்திருப்பார். முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டில் மூன்று மாதமாவது இருப்பது வழக்கம், அவர் ஐந்து மாதம் என்று மனதில் வைத்திருந்தார்.

பிள்ளைக்கு முப்பது நாள் கழிந்ததும் சம்பந்தியம்மாள் வேலுத்தாய் பிள்ளையைப் பார்க்க வந்தாள். பார்த்தாள், கொஞ்சினாள், சாப்பிட்டாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள். "வீட்ல ஆளில்லாம வெறிச்சுன்னு இருக்கு மதினி. பிள்ளையை இப்பவே கூட்டிட்டுப் போயிரலாமான்னு பாக்கேன். வண்டி அலுங்குமேன்னுதான் யோசனை. பச்சைப்பிள்ளைக்கு அலுங்கினா ஆகாது, மூணு மாசம் பொறுக்கத்தான் வேணும்." செல்லப்பாண்டி பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க அண்ணே. ரோடு எப்படி இருக்கு? அலுங்குமா?"

முத்துமாரியம்மாள் சம்பந்திக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினாள். கையை ஆட்டினாள். ராமுத்தாய் தகப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுங்கும் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். செல்லப்பாண்டிக்கும் அது தெரியும். வாயைத் திறந்தார்.

"என் ரோட்டுலயா?" என்றார். "மடியில பால்செம்பை வச்சிக்கிட்டுப் போகலாம் தங்கச்சி. ஒரு சொட்டுச் சிந்தாது."

வெளியே வந்த வார்த்தை அவர் காதிலும் விழுந்தது. அதற்குள் சம்பந்தியம்மாள் வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வந்தது. முத்துமாரியம்மாள் இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை. வாசலோடு நின்றுகொண்டாள். செல்லப்பாண்டி மட்டும் வண்டியை ஒட்டி நடந்தார். ராமுத்தாய் மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"முழிச்சா குடு தாயி. வளைவு வரைக்கும் நான் தூக்கிட்டு வாரேன்" என்றார்.

"முழிக்கட்டும்ப்பா, தாரேன்" என்றாள் மகள்.

அவர் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை முகத்தைப் பார்த்தபடியே நடந்தார். மைல்கல் போனது. சக்கரம் சரளையில் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. ஒரு குழி வரும், ஒரு கல் வரும் என்று பார்த்துக்கொண்டே போனார். வளைவு வந்தது, வண்டி அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. பிள்ளை ஒரு தடவைகூடக் கண்ணைத் திறக்கவில்லை.